என் நம்பரில் குடியிருந்தவள்

ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று, யாருக்குப் போன் போட்டாலும் ஒரு பெண் குரல் முதலில் வந்து சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். சொல்லாமல் நான் என்ன செய்வது? என் போனுக்கு வரும் ஓடிபிகளில் பாதிக்கு மேல் என்னுடையவை இல்லை. கல்வராயன் மலையில் இருக்கும் பெண்களுடையவை. அவர்களில் பலரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை.

எனக்குச் சொந்த ஊர் மணலூர்பேட்டை. கரும்பு போடுகிற குடும்பம். நான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்ததும், ‘பொண்ணு ஐ.டி.ல இருக்குது’ என்று ஊரே சொன்னது. அங்கே என்ன செய்கிறாய் என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. பாஸ்வேர்டை மறந்துவிட்ட வெளிநாட்டுக்காரர்களுக்குப் புதிய பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்தேன். மூன்று வருடமும் அதுதான் வேலை. வருடத்துக்கொரு முறை பாதுகாப்புப் பயிற்சி வைப்பார்கள். பாஸ்வேர்டைப் பகிராதே, உன் ஸ்க்ரீன் அடுத்தவர் கண்ணில் படும்படி உட்காராதே என்று பாடம். அதில் நூற்றுக்கு நூறு வாங்கிச் சான்றிதழெல்லாம் வைத்திருந்தேன்.

கம்ப்யூட்டர் படிக்க வைக்கலாமா என்று இப்போதும் அம்மாக்கள் வந்து கேட்கிறார்கள். தாராளமாகப் படிக்கட்டும், ஆனால் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவை நாள் முழுக்கத் திறந்து மூடும் வேலை அது, அதற்குத் தகுந்த பயம் இருக்க வேண்டும் என்பேன். சம்பளத்தைக் கேட்க வந்தவர்களுக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை போட்டேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ஒரு கம்ப்யூட்டர். அதில் இரண்டு ஸ்க்ரீன் மாட்டியிருந்தேன். ஒன்று என்னைப் பார்த்தபடி, இன்னொன்று எதிரே உட்காருபவரைப் பார்த்தபடி. நான் அடிக்க அடிக்கத் தங்கள் பெயரும் அப்பா பெயரும் சரியாக இருக்கிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்ளலாம். ஓர் எழுத்து மாறினால் ஆறு மாதம் அலைய வேண்டும் என்பதால் அந்த ஏற்பாடு. ஊரில் வேறெந்தக் கடையிலும் அது கிடையாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எந்த விண்ணப்பத்தைத் திறந்தாலும் மொபைல் எண் கேட்கும் கட்டத்தின் ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. மலைமேல் கரியாலூர்ப் பக்கமிருந்து பஸ் பிடித்து இறங்கி வரும் பெண்களிடம் போன் இருக்காது. வீட்டுக்கு ஒரு போன்தான். அது வேலைக்குப் போகும் ஆணோடு கேரளாவுக்கோ பெங்களூருக்கோ போய்விடும். முதலில் வந்தவளிடம் நம்பர் கேட்டேன். போன் அவரிடம் இருக்கிறது, அவர் மிளகு பறிக்கப் போயிருக்கிறார் என்றாள். அவள் ஏற வேண்டிய பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. நான் என் நம்பரைப் போட்டு அனுப்பினேன்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தக் கடை அக்கா தன் நம்பரையே போட்டுக் கொடுத்துவிடும் என்று மலையெல்லாம் பேச்சு. சிலர் என் நம்பரை மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டாலும் பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு வந்தார்கள். பாஸ்வேர்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான், பெயரும் அதன் பின்னால் மூன்று இலக்கமும். நூற்றுக்கு நூறு வாங்கியவள் செய்த காரியம் இது. இதெல்லாம் ஆபத்து என்று எப்போதாவது மனசு உறுத்தி அவர்களிடம் சொன்னால், “எங்ககிட்ட இன்னாக்கா இருக்குது, மறைக்கிறதுக்கு?” என்று சிரிப்பார்கள். நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் என் போன் விசித்திரமாகிவிட்டது. நான் பெறாத குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள் வந்தது. நான் போகாத ஆஸ்பத்திரியில் எனக்கு ஸ்கேன் எடுக்க நேரம் குறித்தார்கள். எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்று அவள் மாமியாருக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. பிரசவத்தில் இறந்துபோன ஒருத்திக்கு, அவள் போய் ஒரு வருடம் கழித்து, ‘இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று அவள் பெயர் போட்டு வந்தது. நல்ல வெயில் நேரம், கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அழிக்க மனம் வராமல் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறொருத்தியைப் பற்றி.

அவள் கரியாலூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊர்க்காரி. முதல் முறை கணவனோடும் மூன்று வயது மகளோடும் சாதிச் சான்றிதழுக்கு வந்தாள். அவன்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். இரண்டு வருடம் கழித்துத் தனியாக வந்தாள். இடது புருவத்தில் தையல் பிரித்த தழும்பு புதிதாக இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தன் பெயரில் எங்கெல்லாம் கணவன் நம்பர் இருக்கிறதோ அங்கெல்லாம் அதை எடுத்துவிட வேண்டும் என்றாள்.

“அவுரு நம்பர எடுத்துட்டு உங்க நம்பரப் போட்டுடுங்கக்கா.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. நம்பர் மாற்றக் கைரேகை வைக்க வேண்டும். மண்வேலை செய்து தேய்ந்த விரல்கள், கருவி ஒன்றையும் ஏற்கவில்லை. துடைத்துத் துடைத்துப் பத்தையும் வைத்துப் பார்த்து ஒருவழியாக ஒன்று விழுந்தது. அந்த வாரமே அவள் மகளோடு மலையை விட்டுப் போய்விட்டதாக வேறொருத்தி வந்து சொன்னாள்.

எங்கே போனாள் என்று மலையில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து மேற்கே ஒரு மில் ஊரிலிருந்து, பள்ளிக்கூடத்தின் பெயர் போட்டு, தங்கள் மகளைச் சேர்த்துக்கொண்டோம் என்று செய்தி வந்தது. புது ஊரிலும் அவளுக்கென்று போன் இல்லை. நம்பர் என்னவென்று கேட்டிருப்பார்கள், தெரிந்த ஒன்றைச் சொல்லியிருப்பாள். அவளைக் கூப்பிட்டு இப்படிச் செய்யாதே என்று சொல்ல எனக்கு வழியில்லை. அவளுக்குப் போன் போடுவதென்றால் எனக்கு நானேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்கப்புறம் அவர்கள் இருவரும் என் போனில் நடமாடினார்கள். நாளை சீருடை வேண்டாம், வண்ண உடையில் வரலாம் என்று வரும். பெற்றோர் கூட்டம் என்று வரும், நான் போக முடியாதே என்று ஒரு கணம் நிஜமாகவே சங்கடப்படுவேன். சில நாட்களில் காலை பத்தரைக்கு, ‘உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை’ என்று வரும். அன்றைக்கெல்லாம் எனக்கு வேலை ஓடாது. காய்ச்சலா, வேறு ஏதாவதா? என் வீட்டில் குழந்தை கிடையாது. ஆனாலும் பள்ளிக்கு வராத ஒரு மகள் எனக்கு எங்கோ இருந்தாள். மறுநாள் செய்தி வராவிட்டால்தான் வந்துவிட்டாள் என்று நிம்மதியாவேன்.

இதற்கிடையில் போனை ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பார்ப்பது சிரமமாக இருந்ததால், குறுஞ்செய்திகள் கடைக் கம்ப்யூட்டரிலேயே தெரியும்படி செய்துவைத்தேன். ஓடிபி வந்தால் ஸ்க்ரீனின் மூலையில் சின்னப் பெட்டியாக எழும்பி, சில நொடி நின்று மறைந்துவிடும். வேலை வேகமாக நடந்தது. கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு திங்கட்கிழமை அவளுடைய கணவன் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் மலைப்பலா ஒன்று. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மேஜைக்கடியில் வைத்தான். மனு கொடுக்க வேண்டும், ஆதாரையும் ரேஷன் கார்டையும் நாலு காப்பி எடுத்துத் தாருங்கள் என்று எதிரே உட்கார்ந்தான். ஜெராக்ஸ் மெஷின் என் முதுகுக்குப் பின்னால். நான் திரும்பி நின்று காப்பி எடுக்கும்போது மெதுவாக ஆரம்பித்தான். அவள் கடைசியாக இங்கேதான் வந்தாளாம், பஸ்ஸில் பார்த்தவர்கள் சொன்னார்களாம். எங்கே போகிறேன் என்று ஏதாவது சொன்னாளா?

“கொழந்த மூஞ்சப் பாக்காம சோறு எறங்கலிங்க. எங்க இருக்குதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

அவன் குரலில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் புருவத்தை நினைத்துக்கொண்டு, எனக்கு ஒன்றும் தெரியாது, தினமும் எத்தனையோ பேர் வருகிறார்கள், முகம் கூட ஞாபகமில்லை என்று அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னேன். அவ்வளவு சரளமாகப் பொய் சொல்ல வரும் என்று எனக்கே தெரியாது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். காப்பிகளோடு திரும்பினால் நாற்காலி காலியாக இருந்தது. ஆதாரையும் கார்டையும் கூட வாங்காமல் போயிருந்தான்.

எங்கேயாவது வெற்றிலை போடப் போயிருப்பான் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம்தான் உட்கார்ந்து ஸ்க்ரீனைப் பார்த்தேன். மணி பத்து முப்பத்தாறு. செய்திப் பட்டியலில் புதியது ஒன்று, வந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. நல்ல தமிழில், பெரிய எழுத்தில், மகளின் முழுப்பெயர், இன்று பள்ளிக்கு வரவில்லை, கீழே பள்ளியின் பெயர், ஊர், போன் எண். நான் எழுந்து அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து அந்த மூலை எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று அன்றுதான் பார்த்தேன். எதிரே இருப்பவர் படிக்க வேண்டும் என்பதற்காக எழுத்தைப் பெரிதாக்கி வைத்தது நான்தான்.

செய்தியிலிருந்த பள்ளி எண்ணுக்குப் போன் போட்டேன். அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள். குழந்தையின் பெயரைச் சொன்னதும், அப்பா அம்மாவிடம் தவிர வேறு யாரிடமும் பேசக்கூடாது, நீங்கள் யார் என்றாள். உண்மையைச் சொன்னால் வைத்துவிடுவாள். அம்மாதான் பேசுகிறேன் என்றேன். நம்பரைச் சரிபார்த்துவிட்டு, “ஆமாங்க மேடம், உங்க நம்பர்தான்” என்றாள். எவ்வளவு சுலபமாக நான் அவளாகிவிட்டேன்! ஆன பிறகுதான் சிக்கல் புரிந்தது. குழந்தையின் அம்மாவிடம் ஒரு சேதி சொல்லுங்கள் என்று இனி அவளிடம் கேட்க முடியாது. அம்மா நான்தானே.

அதனால் வேறொன்று சொன்னேன். யார் வந்தாலும், அப்பாவே வந்தாலும், என்னைத் தவிர யாரிடமும் குழந்தையை விடாதீர்கள். அவள் எழுதிக்கொண்டாள். வழக்கமாகக் குழந்தை மில் வேனில்தான் வந்து போகும், நடுவில் யாராவது வந்து கூப்பிட்டால் உங்கள் போனுக்கு ஒரு பாஸ் நம்பர் வரும், நீங்கள் அதைச் சொன்னால்தான் அனுப்புவோம் என்றாள். போனை வைத்ததும் எனக்கு உயிர் வந்தது. அவன் போனாலும் வெறுங்கையோடு திரும்புவான். எதிர்ப்பக்க ஸ்க்ரீனைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டேன். செய்தது சரி என்றுதான் அன்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமை பதினொன்றரை மணி. கடையில் கூட்டம். நாலு இலக்கப் பாஸ் நம்பர் வந்தது. அடுத்த நிமிடமே பள்ளியிலிருந்து போன்.

“மேடம், நீங்க சொன்ன மாதிரியே ஆயிருச்சுங்க. ஒரு லேடி வந்து, நான்தான் அம்மா, குழந்தைய உடனே அனுப்புங்கன்னு அழுதுட்டு நிக்கறாங்க. நாங்க கேட்டைப் பூட்டிட்டோம்ங்க.”

பள்ளிக்காரிக்குத் தன் சாமர்த்தியத்தில் ஒரு சந்தோஷம். அவன் ஊருக்குள் வந்துவிட்டான், அவள் எங்கோ பார்த்துவிட்டாள், மகளைக் கூட்டிக்கொண்டு ஓட வந்திருக்கிறாள், அவளை வெளியே நிறுத்திவைத்திருப்பது நான். இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அடுத்த நொடியே வேறு மாதிரியும் தோன்றியது. அவன் தங்கையையோ வேறு யாரையோ அம்மா என்று சொல்லி அனுப்பியிருந்தால்? பள்ளிக்காரி கூட அம்மாவின் முகத்தைப் பார்த்தவள் இல்லை. குழந்தையைச் சேர்க்க மில் மேஸ்திரிதான் பத்துப் பிள்ளைகளை மொத்தமாக அழைத்து வந்தாராம். குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள் என்றேன். பாஸ் நம்பர் சொல்லாமல் வகுப்பிலிருந்து வெளியே விட முடியாது, அது விதி என்றாள்.

அந்த லேடியிடம் போனைக் கொடுங்கள் என்றேன்.

மூச்சு இரைக்கிற சத்தம் கேட்டது. “அலோ” என்றது ஒரு குரல். அது அவள் குரலா? மொத்தமாக அவள் என்னிடம் பேசியது பத்து வாக்கியம் இருக்குமா என்பதே சந்தேகம். ஒரு வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், குரல் தெரியவில்லை. எதைக் கேட்டுச் சரிபார்ப்பது? பிறந்த தேதி, அப்பா பெயர், சொந்த ஊர் என்று எல்லா இணையதளங்களும் கேட்கும் ரகசியக் கேள்விகள் எனக்குத் தெரியும். அத்தனைக்கும் பதில் அவனுக்கும் தெரியும். இந்தக் கேள்விகளைக் கண்டுபிடித்தவர்கள், பூட்டுக்கு வெளியே நிற்பவன் எப்போதும் அந்நியன் என்று நினைத்துக்கொண்டவர்கள். வரிசையில் நின்றவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கள்ளக்குறிச்சி கடைல இருந்து பேசறேன். நம்பர் மாத்தின அன்னைக்கி எந்த வெரல் வுழுந்திச்சி?”

“எடது கை சுண்டு வெரலுக்கா” என்றாள்.

நான் நாலு இலக்கத்தையும் சொன்னேன், இரண்டு தடவை. அவள் அதைத் திருப்பிச் சொல்வதும், யாரோ சாவியை எடுக்கும் ஓசையும் கேட்டன. மில் கேட்டில் அவனைப் பார்த்ததாகவும், பின்பக்கமாக வந்துவிட்டதாகவும் ஒரே மூச்சில் சொன்னாள். அப்புறம் சொன்னாள்:

“எப்பிடியோ கண்டுபுடிச்சிட்டாருக்கா. நீங்க இல்லைன்னா இன்னைக்கி அவ்ளோதான். உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன். இனிமே எங்கயும் உங்க நம்பரச் சொல்ல மாட்டேன்.”

எப்படியோ இல்லை, என்னால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குழந்தை வந்துவிட்டது போலிருக்கிறது. “அம்மா” என்று ஒரு குரல், ஒரு வருடமாக எனக்குச் செய்தியாக மட்டுமே தெரிந்தவளின் குரல், தூரத்தில் கேட்டது. பள்ளிக்காரி போனை வாங்கி, அப்படியென்றால் நீங்கள் யார் மேடம் என்று கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவன் கடைக்கு வந்தான். விட்டுப் போன ஆதாரும் கார்டும் வேண்டும் என்றான். தாடி வளர்ந்திருந்தது, தனியாக வந்திருந்தான். அவள் அகப்படவில்லை என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. எடுத்துக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டு, போகாமல், மேஜையில் ஸ்க்ரீன் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இங்க ஒரு டிவி இருந்திச்சே, எங்கங்க காணோம்?”

ரிப்பேர் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். அதன் பிறகும் மாதம் ஒரு முறை வருகிறான். ஏதாவது ஒரு காப்பி எடுக்கச் சொல்கிறான். நான் முதுகைக் காட்டாமல் எடுத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டேன்.

மலைப் பெண்களுக்கு இப்போது என் நம்பரைப் போடுவதில்லை. போட்டதை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை. அவளுடையதை மட்டும் நான் தொட வேண்டியிருக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் வரிசையாக நாலு செய்திகள் வந்தன. ஒவ்வொரு கணக்கிலும் அவள் மொபைல் எண் மாற்றப்பட்டுவிட்டது என்று சொல்லின, புதிய எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டி. அதற்கப்புறம் அவளைப் பற்றியோ அந்தக் குழந்தையைப் பற்றியோ ஒன்றும் வரவில்லை. அன்று அவனுக்கு ஊரைக் காட்டிக் கொடுத்தது என் கடை ஸ்க்ரீன்தான் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. நான் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், அவளுக்கென்று இப்போது சொந்தமாக ஒரு நம்பர் இருக்கிறது, அது என்னிடம் இல்லை.